லைன் கிளியர்

தெற்கு பீடர் இன்னும் திரும்பி வரவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பேனலில் பச்சை எரிந்தால் அந்தப் பீடர் லைன் போகிற பக்கமெல்லாம் கரண்ட் இல்லை என்று அர்த்தம், சிவப்பு எரிந்தால்தான் ஊரில் காற்றாடி சுற்றும், தறி ஓடும். சாலையில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். எனக்குச் சாலைதான் தலைகீழ். சிக்னலில் சிவப்பைப் பார்த்ததும் நிம்மதியாகி வண்டியை முறுக்கிவிடுவேனோ என்ற பயத்திலேயே நான் ஸ்கூட்டி வாங்காமல் இருந்துவிட்டேன். பச்சைக்குக் கீழே சுவிட்சு, சுவிட்சில் நானே காலையில் தொங்கவிட்ட அட்டை, அட்டையில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று கொட்டை எழுத்து. ஆட்கள் என்று பன்மையில் போட்டிருந்தாலும் கம்பத்தில் ஏறியிருப்பது ஒரே ஆள்தான். லைன்மேன் சுயம்புலிங்கம். என் வீட்டுக்காரர். காலையில் போன் பண்ணி, "வேலாயுதபுரம் சப்-ஸ்டேஷனா? லைன்மேன் சுயம்புலிங்கம் பேசுதேன். தெற்கு பீடருக்கு லைன் கிளியர் வேணும்" என்றார். நான் சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் போன வாய், என்னை முன்னே பின்னே பார்த்திராத ஆளுடைய வாய் மாதிரிப் பேசியது. நானும் விடவில்லை. "ஃபோர்மேன் செண்பகவல்லி பேசுதேன், லைன்ல இருங்க" என்று சொல்லி, பிரேக்கரை ஆஃப் பண்ணி, பூட்டி, அட்டையை மாட்டி, "தெற்கு பீடர் லைன் கிளியர் கொடுத்தாச்சு, சுயம்புலிங்கம்" என்று பெயரை முழுசாகச் சொன்னேன். ஃபோர்மேன் ஆர்டர் என் கைக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். வீட்டில் ஒரு சொல் கிடையாது.

லைனில் இரு, லைன் கிளியர், லைன் போச்சு, லைன் வந்துட்டு, எந்த லைன், யாரு லைன்ல. ஒரு நாளைக்கு இந்த ஒற்றை வார்த்தையை எத்தனை தரம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. அனுசியாதான் அதைப் பிடித்துக் கொடுத்தாள். என் மகள் தென்காசியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ஏதாவது ஒரு சாதாரண ஆங்கில வார்த்தையை எடுத்துக்கொண்டு அதற்கு உள்ள அர்த்தத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் அவளுடைய காலேஜில். மற்ற பிள்ளைகள் ரன், செட் என்று எடுத்தார்களாம். இவள் லைனை எடுத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் சீனி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து டிக்ஷனரியை வாசித்தாள். கோடும் லைனாம், வரிசையும் லைனாம். துணி காயப்போடுகிற கொடி லைன், தூண்டில் நரம்பு லைன், தண்டவாளம் லைன், போன் லைன். முகத்துச் சுருக்கம் லைன். வம்சம்கூட லைனாம். ஒருத்தர் பார்க்கிற தொழிலும் லைன்தான். கடைசியாக, நாடகத்தில் ஒருவர் பேச வேண்டிய வசனம், அதுவும் லைன் என்றாள். "ஏம்மா, ஒரு வார்த்தை இத்தனையையும் எப்படித் தாங்குது?" என்று கேட்டாள். ஒரு பொம்பளை எத்தனை தாங்குகிறாள், அதை எந்த டிக்ஷனரியில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, ஏனென்றால் அவர் பக்கத்தில்தான் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "லைன் கிளியர்னு போட்டிருக்கா, பாரு" என்றேன். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். அப்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதுக்கு அர்த்தம் வேணும்னா உங்க அம்மைகிட்ட கேட்டுக்கச் சொல்லு. அவதான் இப்ப பெரிய ஆபீசர்." எதிரே இருக்கிற எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புகிறார். எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. உப்பு கூடிவிட்டது என்று உங்க அம்மைகிட்ட சொல்லு. கேஸ் புக் பண்ணியாச்சு என்று உங்க அம்மைகிட்ட சொல்லு. பிள்ளை தபால்காரி ஆகிவிட்டாள்.

அர்த்தம் எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் பிள்ளைகள் இங்கே சுற்றிப்பார்க்க வந்தபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். லைன்மேன் கேட்கிறார், நான் கரண்டை நிறுத்திக் கொடுக்கிறேன். அவர் திரும்பக் கொடுக்கிறவரைக்கும் அந்தச் சுவிட்சை யாரும் தொடக்கூடாது, நானும்தான். யார் கேட்டு வாங்கினாரோ அவரேதான் திரும்பத் தரணும், அவருடைய வாயால், அவருடைய பெயரைச் சொல்லி. கூட வேலை செய்கிற ஆள் சொன்னாலும் செல்லாது, என்ஜினீயர் சொன்னாலும் செல்லாது. அதுவரைக்கும் அந்த உயிர் என் பொறுப்பில். இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான், பொம்பளைக்கு இவ்வளவு சத்தமா என்று நினைத்திருப்பான். இந்த லைனுக்குப் பொம்பளை எதுக்கு என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. நான் பிறந்ததே லைனில்தான். கோவில்பட்டியில் லைன் வீட்டில், ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாக வாசல், நடுவாசல் எங்களுடையது. கடைசியில் ஒரு பைப். தண்ணீர் லைனில் குடத்தை வைத்துவிட்டு ரேஷன் லைனுக்கு ஓடி, அங்கே பையை வைத்துவிட்டு மறுபடி பைப்புக்கு ஓடுவேன். என் குடத்தை எவளாவது தள்ளி வைத்தால் அன்றைக்கு லைன் வீடு முழுக்க என் குரல்தான். செண்பா வாயாடி என்பார்கள். வாயாடிதான். அந்த வாயைத்தான் இன்றைக்கு மின்வாரியம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. பரீட்சை எழுதி வந்தேன், அப்புறம் ஃபோர்மேன் பதவிக்கு உள்பரீட்சை எழுதினேன், அவரும்தான் எழுதினார், எனக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. அவருடைய கையெழுத்து அப்படி. கம்பத்தில் அவர் போடுகிற முடிச்சைப் பார்க்க வேண்டும், அத்தனை அழகு. பேப்பரில் அந்த முடிச்சைப் போடச் சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம்.

பாவம் என்று நான் நினைப்பது தெரிந்தால் இன்னும் கோபம் வரும். ஆர்டரைக் காட்டிய அன்று முகம் முதலில் நன்றாகத்தான் மலர்ந்தது, நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். பேப்பரின் கடைசி லைனுக்கு வந்ததும், இதே வேலாயுதபுரத்திலேயே என்று போட்டிருந்த இடத்தில், மலர்ந்தது கூம்பிவிட்டது. "அப்ப வீட்டுலயும் நீ, லைன்லயும் நீ" என்றார். "நான் உனக்குக் கீழ நின்னு சல்யூட் அடிக்கணுமோ?" நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன், அடிச்சா கை வலிக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பூட்டிய வாய். வேறு செக்ஷனுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடப் போவதாகப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். போகட்டுமே. போய்விடுவாரோ. இருவத்துச் சொச்சம் வருஷமாக ஒரே லைனின் இரண்டு நுனியில் இருக்கிறோம், இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவர். வேறு ஸ்டேஷனில் எவனோ ஒருத்தன் கொடுக்கிற கிளியரில் இவர் ஏறுவார், அவன் போன் நோண்டிக்கொண்டே வேலை பார்க்கிறவனாக இருந்தால். அந்த லைனிலேயே யோசிக்காதே செண்பா. மணி பார்க்காதே. பார்த்துவிட்டேன். இதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் மாற்றுவது, அவர் கைக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. டிரான்ஸ்பார்மர் வெளியே ம்ம்ம் என்று ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கிறது, மற்ற பீடர்களெல்லாம் சிவப்பாக எரிகின்றன, தெற்கு மட்டும் பச்சை. பாட்டரி ரூமிலிருந்து ஆசிட் வாடை வருகிறது. மத்தியானத்துக்குக் கொண்டுவந்த தயிர்ச்சோறு அப்படியே இருக்கிறது, அவர் சாப்பிட்டிருப்பாரா. அவருக்கும் அதே சோறுதான் கட்டினேன், கோபத்திலும் மோர்மிளகாய் வைக்க மறக்கவில்லை.

போன். ஓடிப்போய் எடுத்தால் தறிக்காரர். "என்னம்மா, கரண்ட் எப்ப வரும், பாவு பாதியில நிக்குது." "வேலை நடக்குது அண்ணாச்சி." "காலையிலேர்ந்து இதையே சொல்லுதிய." "காலையிலேர்ந்து அதேதான் நடக்குது." வைத்தால் மறுபடி போன், கல்யாண மண்டபம், மாவு அரைக்கணுமாம், மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் என்றால் எனக்கு ஒரு நடுக்கமும் கிடையாது. என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீடே வேறு மாதிரி. மாப்பிள்ளை முதலில் வந்தார், வீடு அப்புறம்தான் வந்தது. நான் டைப் கிளாஸுக்குப் போகும் தெருவில் புதுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள், கம்பத்தின் உச்சியில் காக்கிச் சட்டையில் ஒருத்தர், நான் போகும்போதும் இருப்பார், வரும்போதும் இருப்பார். அந்தத் தெருவுக்கு அத்தனை நாள் வேலை கிடையாது என்று இப்போது எனக்குத் தெரியும், அப்போது தெரியாது. "ஏட்டி, ஒனக்குத்தான் லைன் போடுதான்" என்று கூட வந்த சரஸ்வதி இடித்தாள். நான் நிமிர்ந்தே பார்க்க மாட்டேன், ஆனால் நிழல் தரையில் விழும் இல்லையா, நிழலைப் பார்ப்பேன், நிழலின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். அப்புறம் பெண் கேட்டு வந்தார்கள், என் கையைப் பார்த்து அவருடைய சித்தி கல்யாண ரேகை நல்லா இருக்கு, ஆனா புத்தி ரேகை கொஞ்சம் கூடுதலா ஓடுது என்றாள். அந்த ரேகையும் லைன்தான் என்று அனுசியாவிடம் சொல்ல வேண்டும், எழுதிக்கொண்டாளோ என்னவோ. கூடுதலாக ஓடியதுதான் இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

வந்து உட்கார்ந்த புதிதில்தான் கூத்து. லைன் கிளியர் கொடுக்கும்போது வாங்குகிறவர் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முதல் தரம் கேட்டது இவரே. "யாருக்குக் கொடுத்தீங்க, சொல்லும்மா" என்று பக்கத்தில் நின்ற பழைய ஃபோர்மேன் கேட்கிறார், எனக்கு வாய் வரவில்லை. புருஷன் பெயரை எப்படிச் சொல்வது. லைன் வீட்டில் எவளும் சொன்னதில்லை, கோவில் அர்ச்சனைக்குக்கூட ராசி நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு பெயருக்குப் பிள்ளைகளைக் கையைக் காட்டுவார்கள். நான் "அவங்களுக்குத்தான்" என்றேன். ரூமே சிரித்தது. போனில் அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம், அவருடையதுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இங்க பாரு, நீ பேரைச் சொல்லலைன்னா நான் கம்பத்துல ஏற மாட்டேன். அவங்க இவங்கன்னா யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேல இருக்கவனுக்குப் பேருதான் பிடிமானம்" என்றார். சொல்லிப் பார்க்கச் சொன்னார். அடுப்படியில் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னேன், சுயம்புலிங்கம். இன்னொரு தரம். சுயம்புலிங்கம். அதிலிருந்து இன்றுவரை என் வாயில் அந்தப் பெயர் தடுக்கியதில்லை. வீட்டில் ஏங்க, இங்க பாருங்க. லைனில் சுயம்புலிங்கம். எனக்கு அது ரகசியமாக ஒரு சந்தோஷம், ஊரில் எந்தப் பொம்பளைக்கும் கிடைக்காத சந்தோஷம்.

மறுபடி போன். அவராக இருக்கும். இல்லை, கோயில்பிச்சை அண்ணன், இவரோடு வேலைக்குப் போகிற ஒப்பந்த ஆள், பேரன் பேத்தி எடுத்த மனுஷன். "யம்மா, நான் கோயில்பிச்சை பேசுதேன். டீக்கடையிலேர்ந்து. வேல முடிஞ்சிட்டு. லைனைச் சார்ஜ் பண்ணிருங்கன்னு தம்பி சொல்லச் சொன்னாவ." எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. "ஏன், அவங்க வாயில என்ன கொழுக்கட்டையா?" கோயில்பிச்சை அண்ணன் சிரித்தார். "அது உங்களுக்குள்ள. நான் கெளம்பும்போது கம்பத்தை விட்டு இறங்கிட்டாவ. எர்த்தையும் எடுத்தாச்சு. நீரு போயி டீயைக் குடிச்சிட்டு அப்படியே சொல்லிரும்னாவ." "அவங்க போன் எங்க?" "வண்டிப் பெட்டிக்குள்ள கெடக்கு. ஓடைக்குள்ள டவர் கெடைக்காதுல்லா." வைத்துவிட்டேன். பார், உங்க அம்மைகிட்ட சொல்லு என்பது இங்கேயும் வந்துவிட்டது. வீட்டில் அனுசியா, வேலையில் கோயில்பிச்சை. கரைமேல் ஏறி நின்றால் டவர் கிடைக்கும், ஏறி நின்று என்னிடம் ஒரு வாக்கியம் பேச அவருக்கு மனசு வரவில்லை. பேச வேண்டாம், நானா பேச்சுக்குப் பிச்சை கேட்டேன். இறங்கிவிட்டார், வேலை முடிந்தது, பாதுகாப்புக்குக் கம்பியில் மாட்டுகிற எர்த்தும் எடுத்தாகிவிட்டது. கோயில்பிச்சை பொய் சொல்கிற ஆள் இல்லை. தறி ஓடட்டும், கல்யாணத்துக்கு மாவு அரையட்டும். எழுந்து பேனலிடம் போய்விட்டேன். கை அட்டையின் கயிற்றைப் பிடித்துவிட்டது. கயிறு வியர்வையில் ஒட்டியது.

இறங்கிட்டாவ என்றுதான் அண்ணன் சொன்னார், அதுவும் தான் கிளம்பும்போது. டீக்கடை எங்கே, ஓடை எங்கே. அண்ணன் கிளம்பினதுக்கு அப்புறம் என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும். இவரைப் பற்றி எனக்குத் தெரியும், இறங்கின பிறகு ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார், கம்பியைப் பீங்கானோடு சேர்த்துப் போட்ட ஒரு கட்டு கோணலாக இருந்தால் மனசு கேட்காது, தலை வாரிய வகிடு கோணினால்கூடச் சீப்பை எடுத்துக்கொண்டு மறுபடி கண்ணாடி முன்னால் போகிற ஆள். நான் பயிற்சிக்குப் போன வேறொரு ஸ்டேஷனில் ஞானதுரை என்று ஒரு லைன்மேன் இருந்தார். யாரோ சொன்னார்கள், யாரோ கேட்டார்கள், வேலை முடிஞ்சிட்டு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கம்பத்தின் மேல் இருந்த அவரைத் தவிர. சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். என்னையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. கம்பத்தடியில் அவருடைய செருப்பு இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருந்தன, கோவில் வாசலில் கழற்றி வைப்பதுபோல, ஒன்றின் மேல் வெற்றிலைப் பொட்டலம். அதைத்தான் பார்த்தேன். போதும். இவரும் செருப்பைக் கழற்றி அப்படித்தான் வைப்பார், நீலப் பட்டை, ஒரு பக்கம் நான் ஊக்கு குத்திக்கொடுத்தது. கயிற்றை விட்டுவிட்டேன். அட்டை ஆடி ஆடி நின்றது. நாற்காலியை இழுத்துப் பேனலுக்கு முன்னாலேயே போட்டு உட்கார்ந்தேன், வேறு யாரும் உள்ளே வந்து கை வைத்துவிடக்கூடாது என்பதுபோல. வேறு யாரும் இங்கே கிடையாது. கை வைக்கப் போனது நான்தான்.

எங்கள் என்ஜினீயர், ஏ.இ. சார், போன் பண்ணினார். கதிரேசன் சார், திருச்சிப் பக்கம், நல்ல மனிதர், ஆனால் போன் வந்தால் பதறிவிடுவார். "என்னம்மா, தெற்கு பீடர் முடிஞ்சிடுச்சுன்னு கோயில்பிச்சை எனக்கும் சொன்னாரே. கவுன்சிலர் லைன்ல இருக்கார். இன்னும் ஏன் சார்ஜ் பண்ணலை?" "கிளியர் திரும்ப வரலை சார்." "அதான் சொல்லிட்டாரே." "வாங்கினவர் சொல்லலை சார்." "உங்க வீட்டுக்காரர்தானேம்மா? உங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னு கேள்விப்பட்டேன். அதை இதில காட்டாதீங்க." காது சூடாகிவிட்டது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஒரு ஊரையே இருட்டில் போட்டிருக்கிறாள் என்று நாளைக்குத் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசுவார்கள். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. தண்ணீர் லைனில் என் குடத்தைத் தள்ளி வைத்தவளிடம் பேசின குரல் வந்தது, கொஞ்சம் படித்த குரலாக. "சார், வாங்கினவர் என் வீட்டுக்காரரா இருந்தாலும் சரி, எனக்கு முகமே தெரியாதவரா இருந்தாலும் சரி. அவர் வாயால சொல்லாம இந்தச் சுவிட்சுல நான் கை வைக்க மாட்டேன். நீங்க சொன்னாலும் வைக்க மாட்டேன். கவுன்சிலரை லைன்லயே இருக்கச் சொல்லுங்க." "சரிம்மா, நீங்க சொல்றதுதான் முறை" என்று வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பயந்துகொண்டிருக்கும்போதே பெருமையாக இருந்தது, இரண்டும் ஒரே உடம்பில் பக்கத்துப் பக்கத்து வாசலாக. நடுவில் ஒரே சுவர்தான்.

கோயில்பிச்சை அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன், டீயை வைத்துவிட்டு ஓடைக்குப் போய் அவரைப் பேசச் சொல்லுங்கள் என்று. "மறுபடியுமா யம்மா" என்று இழுத்தார். "மறுபடியுந்தான்." அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தேன். போன் அடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. தறி, மண்டபம், தறி. லைன்ல இருங்க, லைன்ல இருங்க. அவர் ஓடைக் கரையில் வேப்ப நிழலில் படுத்துத் தூங்குகிறார், என்னைத் தவிக்கவிட. தூங்கட்டும், அதைவிட நல்லது எது, தூங்கி எழுந்து சாவகாசமாகத் திட்டட்டும். இல்லை, மேலேதான் இருக்கிறார். இல்லை, இறங்கும்போது கால் தவறி. அந்த லைனில் போகாதே. வம்சமும் லைன் என்றாளே அனுசியா. அவளுக்கு அவருடைய புருவம், என்னுடைய வாய். அவள் கல்யாணத்துக்கு யார் முன்னால் நிற்பது. செண்பா, வேண்டாம். நாடகத்தில் ஒருவர் பேச வேண்டிய வசனமும் லைன். அவர் பேச வேண்டிய வசனம் ஒன்றுதான், சின்னது, அவருக்கு மனப்பாடம், நான்தான் எதிரில் நிற்கிற ஆள், அவர் பேசாமல் நான் அடுத்ததைப் பேச முடியாது, ஊர் முழுக்கக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேசும். ஒரு தரம் பேசும். அப்புறம் ஆயுசுக்கும் பேசாமல் இரும், நான் கேட்கமாட்டேன். சப்-ஸ்டேஷனில் சாமி படம் வைக்கக்கூடாது என்று நானே கழற்றிப் போட்டிருக்கிறேன், இப்போது எங்கே பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. எடுத்தேன். காற்றுச் சத்தம். யாரோ மூச்சு வாங்குகிறார்கள். எனக்கு அந்த மூச்சு தெரியும், எத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். "லைன்ல இருக்கியளா?" என்று கேட்டேன். "இருக்கேன்" என்றார். இருக்கிறார். "கோயில்பிச்சையை அனுப்பினது என் தப்புதான்" என்றார். "அவர் அந்தப் பக்கம் போனதும் அண்ணாந்து பார்த்தேன். கடைசிக் கம்பத்துல கட்டு லேசா வெலகியிருந்துச்சு. மறுபடி ஏறிட்டேன். எர்த்தும் எடுத்திருந்துச்சு, அந்த நெனைப்பும் இல்ல. மேல போயி கம்பியில கை வச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, கோயில்பிச்சை இந்நேரம் ஒனக்குச் சொல்லியிருப்பாரேன்னு." என் காதில் டிரான்ஸ்பார்மர் இரைச்சல் மட்டும் கேட்டது. "அப்புறம் என்ன செஞ்சிய?" என்று கேட்டது என் குரல்தானா. "என்ன செய்ய. கட்டை முடிச்சிட்டுத்தான் இறங்கினேன்." "பயமா இல்லையா உங்களுக்கு?" "வேற ஸ்டேஷனா இருந்தா கம்பத்துலேர்ந்து குதிச்சிருப்பேன்" என்றார். "நான் சொல்லாம நீ குடுக்க மாட்டேல்லா."

நான் அழுதேன். ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்காமல், முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அப்புறம் தொண்டையைச் செருமி, "அதெல்லாம் வீட்டுல வந்து பேசுங்க. இப்ப முறையாச் சொல்லுங்க" என்றேன். அவரும் தொண்டையைச் செருமினார். "லைன்மேன் சுயம்புலிங்கம் பேசுதேன். தெற்கு பீடர்ல வேலை முடிஞ்சிட்டு. ஆட்கள் எல்லாரும் இறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. லைன் கிளியர் திரும்பக் குடுக்கேன்." "யாருகிட்ட குடுக்கிய?" என்று கேட்டேன். அது கேட்க வேண்டிய கேள்விதான், முறையில் உள்ளதுதான், ஆனால் நான் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்திக் கேட்டேன். அதற்குப் பதிலில் வர வேண்டிய சொல், ஆர்டர் வந்ததிலிருந்து அவர் வாயில் வராதது. "வேலாயுதபுரம் சப்-ஸ்டேஷன்" என்றார். அது போதாது. ஓடைக்குள் மயில் அகவுவது போனில் கேட்டது. "ஃபோர்மேன்" என்றார் அவர். "ஃபோர்மேன் செண்பகவல்லிகிட்ட குடுக்கேன்." "லைன் கிளியர் திரும்ப வாங்கியாச்சு, சுயம்புலிங்கம்" என்றேன். அட்டையைக் கழற்றினேன், பூட்டைத் திறந்தேன், சுவிட்சைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது. அந்தப் பக்கம் அவர் இன்னும் போனை வைக்கவில்லை. மோர்மிளகாய் நமுத்துப்போச்சு என்றார், அனுசியாவிடம் சொல்லச் சொல்லாமல், என்னிடமே.